'அவுட்ஸ்டேட் ஹிஸ் வெல்கம்': தமிழில் எப்படிச் சொல்வது?

நிழல்வரி கேட்டது:

ஓர் ஆங்கில நாவலின் தமிழாக்கத்துக்காகக் கேட்கிறேன். விருந்தாளி அளவுக்கு மேல் தங்கி அலுப்பூட்டுவதைச் சொல்லும் ஒரே மரபுத்தொடர் மூன்று இடத்தில் மூன்று விதமாக வருகிறது.

முதல் இடம்: இரண்டு நாள் தங்க வந்த உறவுக்காரர் ஒரு மாதமாகியும் நகரவில்லை. வீட்டுக்காரம்மா தன் தங்கையிடம் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: 'ஹி ஹேஸ் அவுட்ஸ்டேட் ஹிஸ் வெல்கம்.'

இரண்டாவது இடம்: வேறொரு வீட்டில் பேசிக்கொண்டிருந்த இளைஞன் நாற்காலியை விட்டு எழுந்தபடியே சொல்கிறான்: 'ஐ டோன்ட் வான்ட் டு அவுட்ஸ்டே மை வெல்கம்.'

மூன்றாவது இடம்: ஒரு பாத்திரம் பத்திரிகைக்கு எழுதும் நாடக விமர்சனம்: 'தி ப்ளே நெவர் அவுட்ஸ்டேஸ் இட்ஸ் வெல்கம்.'

இப்போதைக்கு முதல் இடத்துக்கு 'அவர் தன் வரவேற்பைத் தாண்டித் தங்கிவிட்டார்' என்று போட்டிருக்கிறேன். படித்தால் கல்லைக் கடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் தவறு என்று பிடிபடவில்லை.

கூடவே சில சந்தேகங்கள். 'அவுட்ஸ்டே', 'ஓவர்ஸ்டே', 'வேர் அவுட்' மூன்றும் ஒன்றுதானா? பின்னால் ஒருவர் 'ஃபிஷ் அண்ட் விசிட்டர்ஸ் ஸ்டிங்க் இன் த்ரீ டேஸ்' என்கிறார். அது பென்ஜமின் பிராங்க்ளினின் சொந்தச் சரக்கா? இதற்கெல்லாம் பேசாமல் 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று போட்டுவிட்டால் என்ன?

---

சொற்கிடங்கு:

கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, 'தன் வரவேற்பு'. ஆங்கிலத்தில் 'ஹிஸ் வெல்கம்' என்றால் அவருக்குக் கிடைத்த வரவேற்பு. 'அவனுடைய தண்டனை' என்று நாம் சொல்லும்போது அவன் கொடுத்த தண்டனை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, வாங்கிய தண்டனை என்றே புரிந்துகொள்கிறோம். அதே கணக்குதான் அங்கேயும். ஆனால் தமிழில் வரவேற்பு என்ற சொல் கொடுப்பவர் பக்கம் சாய்ந்தது. 'அவர் வரவேற்பு நன்றாக இருந்தது' என்றால் அவர் நம்மை வரவேற்றார் என்றுதான் காதில் விழும். அதனால் உங்கள் வரியைப் படிப்பவர், யார் யாரை வரவேற்றது என்று ஒரு நொடி தடுமாறுவார்.

இரண்டாவது கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. வரவேற்பு என்பது வரவை ஏற்பது. அது வாசலில் நடக்கிற காரியம். 'வாங்க வாங்க' என்று சொல்லி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்ததோடு முடிந்தது. ஆங்கிலத்தின் 'வெல்கம்' அப்படி முடிவதில்லை. விருந்தாளி உள்ளே இருக்கும் நாள் முழுவதும் அது நடந்துகொண்டே இருக்கும் ஒரு நிலை. ஐந்து நிமிடத்தில் முடிந்த ஒன்றை ஒரு மாதம் கழித்துத் தாண்டினார் என்றால் தமிழில் பொருந்துமா? ஆகவே 'வெல்கம்' என்ற சொல்லுக்கு 'வரவேற்பு' என்று எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். தொடர்ந்து இருந்து மெல்லக் குறையக்கூடிய சொல் வேண்டும். முகம், மதிப்பு, மரியாதை, உபசாரம் இவையெல்லாம் குறையும், மாறும், தேயும். இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள்.

இப்போது 'அவுட்'. 'அவுட்லிவ்', 'அவுட்ரன்', 'அவுட்லாஸ்ட்' என்ற வினைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருவர் ஓடுகிறார்கள், ஒருவர் மற்றவரை மிஞ்சுகிறார். 'ஷி அவுட்லிவ்ட் ஹெர் பிரதர்' என்றால் தம்பி போன பிறகும் அக்கா இருந்தார் என்று பொருள். இந்தத் தொடரில் ஓடுகிற இருவர் தங்கலும் வெல்கமும். இரண்டும் ஒரே நாளில் புறப்பட்டன. வெல்கம் நடுவழியில் நின்றுவிட்டது, தங்கல் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் தமிழ் வரியில் இந்த இரண்டும் இருந்தாக வேண்டும். ஒன்று தீர்ந்தது, மற்றது தீரவில்லை. 'ரொம்ப நாள் தங்கிவிட்டார்' என்று மட்டும் எழுதினால் பாதிதான் வந்திருக்கும்.

'ஓவர்' வேறு படம். அங்கே ஒரு கோடு இருக்கிறது, கோட்டைத் தாண்டுகிறார்கள். 'ஓவர்ஸ்லீப்' என்றால் எழ வேண்டிய நேரத்தைத் தாண்டித் தூங்குவது. அதனால்தான் விசா விஷயத்தில் 'ஓவர்ஸ்டே' மட்டும் வருகிறது. அங்கே கோடு தாளிலேயே அச்சாகியிருக்கிறது. 'வெல்கம்' என்ற சொல்லோடு மட்டும் இரண்டு வினையும் கிட்டத்தட்ட ஒரே பொருளில் வரும், இரண்டும் சரி. மற்ற விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகும் ஒருவர் இருந்தார் என்பதற்கு 'அவுட்ஸ்டே' மட்டுமே பொருந்தும். அதில் குற்றச்சாட்டே கிடையாது என்பதைக் கவனியுங்கள். 'ஹி அவுட்ஸ்டேட் தி அதர் கெஸ்ட்ஸ்' என்று வந்தால் 'கடைசியாகக் கிளம்பினவர் அவர்' என்று எழுதினால் போதும். முகம் சுளிப்பதையெல்லாம் அங்கே கொண்டுவரக் கூடாது.

ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ரோசலிண்டை நாடுகடத்தும் பிரபு பத்து நாள் கெடு வைத்து, 'இஃப் யூ அவுட்ஸ்டே தி டைம்' என்று மிரட்டுகிறான். அங்கே வினைக்கு 'டைம்' செயப்படுபொருள். தேதி உண்டு, மீறினால் உயிர் போகும். நம் தொடரில் தேதியே கிடையாது. எல்லை எங்கே என்று யாரும் சொல்வதில்லை, விருந்தாளியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தொடரின் உயிரே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. அதனால் 'கெடு', 'தவணை', 'காலக்கெடு' போன்ற சொற்களைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

'வேர் அவுட்' துணியிலிருந்தும் செருப்பிலிருந்தும் வருவது. நைந்து போவது. இதற்கு நீண்ட தங்கல் தேவையில்லை. தினம் பத்து நிமிடம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவர்கூட 'வேர் அவுட் ஹிஸ் வெல்கம்' செய்யலாம். அடிக்கடி கடன் கேட்பவர், எப்போதும் புலம்புகிறவர் இவர்களுக்கும் வரும். 'கிட்ட இருந்தால் முட்டப் பகை' என்ற பழமொழிக்குப் பக்கத்தில் வருவது இதுதான். 'அவுட்ஸ்டே' என்று வந்தால் அந்தப் பழமொழியைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர் படர்க்கையில் புறம்பேச்சு, தன்மையில் நாகரிகம், முன்னிலையில் அடி. ஒருவர் முகத்துக்கு நேரே 'யூ ஹேவ் அவுட்ஸ்டேட் யுவர் வெல்கம்' என்றால் 'வெளியே போ' என்பதற்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான். உங்கள் முதல் இரண்டு இடத்துக்கும் ஒரே தமிழ்த் தொடரைத் தேடினீர்களானால் கிடைக்காது. தேடவும் வேண்டாம்.

---

பழமொழிப்பெட்டி:

மீன் விஷயத்துக்கு வருகிறேன்.

பிராங்க்ளின் அதை அச்சிட்டது உண்மை. ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற புனைபெயரில் அவர் ஆண்டுதோறும் வெளியிட்ட 'புவர் ரிச்சர்ட்ஸ் அல்மனாக்' பஞ்சாங்கத்தில், 1736ஆம் ஆண்டுக்கானதில் இருக்கிறது. ஆனால் சரக்கு அவருடையதல்ல. 1580இல் வெளிவந்த ஜான் லிலியின் 'யூஃபியூஸ் அண்ட் ஹிஸ் இங்லண்ட்' நூலிலேயே மீனும் விருந்தாளியும் மூன்று நாளில் 'ஸ்டேல்' ஆகிவிடும், அதாவது புதுமை போய்ப் பழசாகிவிடும் என்று வருகிறது. அதாவது பிராங்க்ளினுக்கு 156 ஆண்டுகள் முன்னால். அதிலும் ஏற்கெனவே ஊரில் வழங்குகிற வசனம் என்ற தோரணையில்தான் வருகிறது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இதே மீன், இதே மூன்று நாள், பழமொழியாக இருக்கிறது.

மூன்று நாள் கணக்கு மீனைவிட ரொம்பப் பழையது. கி.மு. 184இல் இறந்த ரோமானிய நாடகக்காரர் பிளாட்டஸின் 'மிலெஸ் குளோரியோசுஸ்' நாடகத்தில், நண்பர் வீட்டில் தங்கியிருக்கும் இளைஞன் ஒருவன் சொல்வான்: எவ்வளவு நெருங்கிய நண்பன் வீடானாலும் தொடர்ந்து மூன்று நாள் இருந்துவிட்டால் விருந்தாளி தொல்லையாகிவிடுவான், பத்து நாள் ஆனால் அது வெறுப்பின் இலியட் காவியமே. வீட்டுத் தலைவர் பொறுத்துக்கொண்டாலும் வேலையாட்கள் முணுமுணுப்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்வான். வீட்டுக்காரக் கிழவர் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பது தனி அழகு. இங்கே மீன் கிடையாது. பிளாட்டஸே மீன் பழமொழியைச் சொன்னதாக இணையத்தில் எங்காவது பார்த்தால் நம்பாதீர்கள்.

மத மரபுகளிலும் இந்த மூன்று வரும். ஆதிக் கிறிஸ்தவ நூலான 'திதாகே', ஊர் ஊராகப் போகும் போதகர் ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்கலாம் என்கிறது. மூன்று நாள் தங்கினால் அவர் பொய்த் தீர்க்கதரிசி. நபிமொழியில் விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் செய்வது தர்மம். வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு விருந்தாளி தங்கக் கூடாது என்றும் அதிலேயே வருகிறது.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். 1736க்கு முந்தைய கதையில் ஒரு பாத்திரம் இதைச் சொல்லலாம், பழமொழியாக. பிராங்க்ளின் பெயரை நீங்களாக அடிக்குறிப்பில் சேர்த்தால் தவறாகிவிடும். பிந்தைய கதையானாலும் பாத்திரம் பெயர் சொல்லாவிட்டால் நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பில் வினைச்சொல்தான் முக்கியம். 'ஸ்டிங்க்' என்பதற்கு 'நாறும்'. 'வாடை வரும்' என்றால் இளகிவிடும், அது 'ஸ்மெல்' என்று வரும் வடிவத்துக்குச் சரி. லிலியின் 'ஸ்டேல்' வந்தால் 'ஊசிப்போகும்' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ஊசிப்போவது சமைத்த பண்டம். பச்சை மீன் ஊசிப்போகாது. பதம் கெடும், அழுகும், நாறும்.

என் பரிந்துரை: 'மீனும் விருந்தாளியும் மூன்றாம் நாள் நாறும்.' 'நாள் நாறும்' என்ற இடத்தில் மோனை தானாக அமைகிறது. பழமொழி பழமொழி மாதிரி காதில் விழ வேண்டும், இல்லையென்றால் யாரோ புதிதாகச் சொன்ன கருத்து மாதிரி ஆகிவிடும். 'மூன்று நாட்களுக்குப் பிறகு துர்நாற்றம் வீசத் தொடங்கும்' என்று எழுதினால் பொருள் பழுதில்லை, பழமொழி செத்துவிட்டது.

மீன் ஏன் இங்கே இவ்வளவு பொருத்தம் என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. பிடித்தவுடன் கடல் மீனுக்கு மீன் நாற்றமே கிடையாது என்று சொல்லலாம். அதன் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற மணமற்ற பொருள் இருக்கிறது. பாக்டீரியா பெருகப் பெருக அதை டிரைமெத்திலமைனாக மாற்றும். நமக்குத் தெரிகிற அந்த வீச்சம் அதுதான். ஒரு நொடியில் நடப்பதில்லை, மணிக்கணக்கில் ஏறுகிறது. எந்த மணியில் கெட்டது என்று சொல்ல முடியாது, கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லலாம். 'அவுட்ஸ்டே' பற்றிச் சொற்கிடங்கு சொன்ன அந்த அறிவிக்கப்படாத எல்லை இதிலும் அப்படியே இருக்கிறது.

---

நிழல்வரி:

இருவருக்கும் நன்றி. கதை நடப்பது 1800களின் நடுவில், யாரும் பிராங்க்ளின் பெயரைச் சொல்லவில்லை. அடிக்குறிப்பை எடுத்துவிடுகிறேன்.

'விருந்தும் மருந்தும்' பற்றி யாரும் சொல்லவில்லையே? தமிழ் வாசகருக்கு உடனே விளங்குமே என்றுதான் கேட்டேன். அடுத்த அத்தியாயத்தில், ஒருவரை வேண்டுமென்றே ஒதுக்குவதைச் சொல்லும் 'கோல்ட் ஷோல்டர்' வேறு வருகிறது. வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியைக் கொடுப்பார்கள், அதிலிருந்து வந்தது என்று படித்த ஞாபகம். அந்தப் படத்தை வைத்தே தமிழில் ஏதாவது செய்யலாமா?

---

வனப்பு:

பழமொழியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதன் முதல் சொல்லிலேயே பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது.

விருந்து என்றால் ஆதியில் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் எட்டு வனப்புகளில், அதாவது நூலுக்கு உரிய அழகுகளில், ஒன்றின் பெயர் விருந்து. பழைய கதையைச் சொல்வது தொன்மை, புதிதாகப் புனைவது விருந்து. அந்தப் பொருளிலிருந்துதான் வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்து ஆனார். குறளில் விருந்து என்றால் பெரும்பாலும் ஆள்தான். 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்ற 86ஆம் குறளில் போகிறவரும் வருகிறவரும் மனிதர்கள். அந்த ஆளுக்குப் போட்ட சாப்பாட்டுக்குப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்று சாப்பாடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது, ஆளைச் சொல்ல 'விருந்தாளி' என்று தனியாக நீட்ட வேண்டியிருக்கிறது.

'வெல்கம்' நடந்த வழியும் இதுவே. பழைய ஆங்கிலத்தில் அது 'வில்குமா'. முன்பாதி 'வெல்' அல்ல, விருப்பம் என்று பொருள்படும் 'வில்'. பின்பாதி வருகிறவர். ஆக மொத்தம் 'விரும்பத்தக்க வந்தவர்', அதாவது விருந்தாளியேதான். நன்றாக என்று பொருள்படும் 'வெல்' பிறகு வந்து கலந்தது, பிரெஞ்சுக்காரர்களின் 'பியேன்வெனு' பக்கம் சாய்ந்து. நம் 'நல்வரவு' அந்தப் பிந்தைய வடிவத்துக்குத்தான் பொருந்தும். இரண்டு மொழியிலும் ஆளைக் குறித்த சொல், அந்த ஆளுக்குக் கொடுக்கப்படுவதைக் குறிக்கும் சொல்லாக இடம் மாறியிருக்கிறது. அங்கே உபசாரம், இங்கே சாப்பாடு.

இப்போது பழமொழிக்கு வாருங்கள். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்', சில வடிவங்களில் 'மூன்று வேளை'. விருந்தைப் புதியவர் என்று எடுத்தால், மூன்று நாளுக்குப் பிறகு ஒருவர் புதியவர் இல்லை, சொல்லின்படியே அவர் விருந்தும் இல்லை. லிலியின் 'ஸ்டேல்' இதற்கு ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகர் விருந்தைச் சாப்பாடு என்றே எடுப்பார். பலமான சாப்பாடு மூன்று நாளுக்கு மேல் வயிற்றுக்கு ஆகாது என்று உடல்நலக் குறிப்பாகவே இதைப் புரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் மருந்து வேறு இருக்கிறதா, அந்த வாசிப்புக்கு இன்னும் வலு. உங்கள் முதல் இடத்தில் இதைப் போட்டால், வந்தவர் நிறையச் சாப்பிட்டார் என்று சிலராவது நினைப்பார்கள்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பழமொழி பொது விதி, 'அவுட்ஸ்டேட்' என்பது ஓர் ஆள் மேல் வைக்கும் தீர்ப்பு. அந்த அம்மா விதி சொல்லவில்லை, 'இந்த மனிதர்' என்று சொல்கிறார். ஆகவே பழமொழியை 'அவுட்ஸ்டே'வுக்குப் போட வேண்டாம். மீன் வரிக்குப் பதிலாக வேண்டுமானால் யோசிக்கலாம். அங்கேயும் பின்னால் யாராவது மூக்கைப் பொத்துவதோ மீனைக் குறித்துப் பேசுவதோ வருகிறதா என்று முன்னும் பின்னும் பத்துப் பக்கம் பாருங்கள். வந்தால் மீன் இருந்தே ஆக வேண்டும்.

பழி யார் மேல் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத் தொடரில் வினையின் எழுவாய் விருந்தாளி, குற்றம் முழுக்க அவருடையது. வள்ளுவர் திருப்பிப் போடுகிறார். 'மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து.' முகர்ந்தால்தான் அனிச்சம் வாடும், முகம் மாறிப் பார்த்தாலே விருந்து வாடிவிடும். இங்கே கவனமாக இருக்க வேண்டியவர் வீட்டுக்காரர். இந்த வேறுபாடு இருந்தாலும் 'முகம் திரிதல்' உங்களுக்குக் கைகொடுக்கும். 'வெல்கம்' தீர்ந்துபோவது கண்ணால் தெரிகிற இடம் முகம்தான். பேச்சில் 'திரிந்தது' என்று வராது, 'முகம் மாறிப்போச்சு' என்று வரும். எழுவாயை மட்டும் விருந்தாளியிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

---

சொற்கிடங்கு:

வனப்பு சொன்ன முகத்தை வைத்து ஒரு வரி: 'நம்ம முகம் மாறி எத்தனையோ நாளாச்சு, மனுஷன் இன்னும் கிளம்பலை.' தீர்ந்ததும் தீராததும் இரண்டும் வந்துவிட்டன. இன்னும் சுருக்கமாக வேண்டுமென்றால் 'மரியாதை இருக்கறப்பவே கிளம்பியிருக்கணும் அவர்.' ஆங்கிலத்தில் 'ஹேஸ்' போட்டிருப்பதால் எல்லை ஏற்கெனவே கடந்தாகிவிட்டது. 'இனிமேலும் இருந்தால் மரியாதை கெடும்' என்று எச்சரிக்கையாக எழுதினால் காலம் மாறிவிடும்.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்கிறேன், கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். 'டேரா போட்டுட்டார்' என்பதில் தங்கல் இருக்கிறது, உபசாரம் தீர்ந்தது இல்லை. வந்த முதல் நாளே ஒருவரைப் பார்த்து டேரா போட்டுட்டார் எனலாம். பக்கத்தில் துணை வாக்கியமாக வந்தால் பரவாயில்லை. 'அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டார்' என்றால் உறிஞ்சுகிறார் என்ற பழி வேறு ஏறிக்கொள்ளும், மூலத்தில் அது இல்லை. 'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்பது பேராசை. 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது' என்பது அதிகாரத்தைப் பிடிப்பது. உங்கள் உறவுக்காரர் யாரையும் விரட்டவில்லை, கிளம்பாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

'ஈட் அவுட் ஆஃப் ஹவுஸ் அண்ட் ஹோம்' என்று எங்காவது வந்தால் அதுவும் வேறு. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி இரண்டாம் பாகத்தில் விடுதிக்கார அம்மாள் ஃபால்ஸ்டாஃப் மேல் சொல்லும் புகார் அது. அவருடைய வழக்கு செலவு பற்றியது, நாள் பற்றியது அல்ல. 'தின்றே வீட்டைக் காலி பண்ணிட்டான்' அதற்குச் சரியாக இருக்கும்.

இரண்டாவது இடம். எழுந்துகொண்டே சொல்கிற நாகரிகம் அது. இன்னும் எல்லையைத் தாண்டவில்லை, தாண்டுமுன் கிளம்புகிறான். 'உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன்' என்று முடித்தால் தாண்டிவிட்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். 'இன்னும் உட்கார்ந்து உங்களைத் தொந்தரவு பண்ணலை, கிளம்பறேன்' என்பது போதும். அந்த வீட்டில் வயதில் மூத்தவர்கள் இருந்தால் 'வரட்டுங்களா' என்று முடிக்கலாம். 'கிளம்பறேன்' சற்று வறட்சி.

---

பழமொழிப்பெட்டி:

ஆட்டுத் தோள்கறிக் கதையை விட்டுவிடுங்கள். அழகான கதை, ஆனால் பின்னால் கட்டியது. வால்டர் ஸ்காட் 1816இல் எழுதிய 'தி ஆன்டிக்வரி' நாவலில் இந்தத் தொடர் ஸ்காட்லாந்துப் பேச்சில் 'கால்ட் ஷௌதர்' என்று வருகிறது. ஒரு சீமாட்டி தன் வெறுப்பை முதலில் எப்படிக் காட்டினாள் என்பதைச் சொல்லும் இடம். அங்கே கறியும் இல்லை, தட்டும் இல்லை. மனிதத் தோள்தான், திருப்பிக்கொள்கிற தோள். தமிழில் 'பாராமுகம்' என்று தயாராகவே ஒரு சொல் இருக்கிறது, பேச்சில் 'முகம் கொடுத்துப் பேசலை'. முதல் இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டீர்களானால், அடுத்த அத்தியாயத்தில் இது அதோடு இயல்பாகவே போய்ச் சேரும். ஆங்கிலத்தில் இரண்டு தொடருக்கும் ஒட்டு இல்லை, தமிழில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

---

அரங்கவரி:

நாடக விமர்சன வரியை யாரும் தொடவில்லை, அதனால் நான்.

விமர்சனத்தில் இந்தத் தொடர் வந்தால் விருந்தாளி, வீடு எல்லாவற்றையும் மறந்துவிடலாம். நாடகம் வந்தது, பார்வையாளர் மகிழ்ந்தார்கள், மகிழ்ச்சி வடியுமுன் நாடகம் போய்விட்டது, அவ்வளவே. தமிழில் இதற்குப் பழக்கமான வார்ப்பு 'அலுப்புத் தட்டும் முன்பே முடிந்துவிடுகிறது' அல்லது 'சலிப்பதற்குள் திரை விழுந்துவிடுகிறது'. நாடகம் என்பதால் இரண்டாவது எனக்குப் பிடிக்கிறது.

இங்கே நடக்கும் தவறு 'எங்கும் தொய்வில்லை' என்று எழுதிவிடுவது. தொய்வு வேகம் பற்றியது, இந்தத் தொடர் நீளம் பற்றியது. மூன்று மணி நேர நாடகம் தொய்வில்லாமல் இருந்தும் அரைமணி கூடுதலாக இருக்கலாம். விமர்சகர் பாராட்டுவது எப்போது நிறுத்த வேண்டும் என்று நாடகத்துக்குத் தெரிந்திருப்பதை. 'நெவர்' என்பதை 'ஒருபோதும்' என்று இழுத்துவர வேண்டாம். அங்கே அது அழுத்தம் மட்டும்தான், 'முன்பே' என்ற ஏகாரத்திலேயே அது வந்துவிட்டது.

இதே தொடர் நகைச்சுவை, பாட்டு, பதவியில் இருப்பவர் என்று எதற்கும் வரும். நகைச்சுவைக்கு 'ஒரு தடவை சிரிப்பு, நாலாவது தடவை எரிச்சல்' மாதிரி உடைத்து எழுதினால் எடுபடும். பதவிக்கு 'மக்கள் அலுத்த பிறகும் நாற்காலியை விடவில்லை'. எல்லாவற்றிலும் சொற்கிடங்கு சொன்ன இரட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்று தீர்ந்திருக்க வேண்டும், இன்னொன்று தொடர வேண்டும். விமர்சன வரியில் எதிர்மறை இருப்பதால் வரிசை தலைகீழாகிறது, நாடகம் முதலில் தீர்கிறது, விருப்பம் மிச்சம் இருக்கிறது.

---

நிழல்வரி:

இப்படி வைத்திருக்கிறேன்.

முதல் இடம்: 'நம்ம முகம் மாறி எத்தனையோ நாளாச்சு, மனுஷன் இன்னும் கிளம்பலையே.'

இரண்டாவது: 'இன்னும் உட்கார்ந்து உங்களைத் தொந்தரவு பண்ணலை. வரட்டுங்களா?'

மூன்றாவது: 'சலிப்பதற்குள் திரை விழுந்துவிடுகிறது.'

மீன்: அதே காட்சியில் சிறுவன் ஒருவன் சமையலறைப் பக்கம் போய் மோந்து பார்க்கிறான், ஆகவே மீன் இருந்தாக வேண்டும். 'மீனும் விருந்தாளியும் மூன்றாம் நாள் நாறும்.' இதைச் சொல்பவர் பாட்டி.

---

பழமொழிப்பெட்டி:

பாட்டி சொல்கிறார் என்றால் 'மூணாம் நாள்' என்று மாற்றிவிடுங்கள். மோனை 'நாள் நாறும்' என்ற இடத்தில்தான் இருக்கிறது, அது கெடாது.

---

சொற்கிடங்கு:

முதல் வரியில் 'கிளம்பலையே' என்ற ஏகாரம் வேண்டாம். அது ஆதங்கமாகக் கேட்கிறது, அவர் தங்கையிடம் தீர்ப்புச் சொல்கிறார். 'கிளம்பலை' என்றே நிறுத்துங்கள். மற்ற மூன்றும் அப்படியே போகலாம்.